டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு: பாலக்காட்டுக் கிழக்கெல்லையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் கிழக்கே போகப் போக மலையாளம் குறைந்து தமிழ் கூடும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ். ரேஷன் கார்டும் வில்லேஜ் ஆபீஸ் பேப்பரும் மலையாளம். பிரசவத்துக்குப் பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ போவார்கள், பென்ஷனுக்குக் கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்‌ஷயா சென்டருக்கு வருவார்கள். இரண்டு மாநிலத்துக் காகிதமும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தின் கணக்கு முடியும்.

இந்த ஆய்வில் வரும் டீச்சர், தமிழ் வழி எல்.பி. பள்ளி (தொடக்கப் பள்ளி) ஒன்றில் வேலை பார்த்தவர், கத்தோலிக்கர், இரண்டு பிள்ளைகளின் தாய். இவர் தனி ஒருவர் அல்ல. இப்பகுதியில் இப்படி வாழும் ஆசிரியைகளின் வழக்கங்களையும் சறுக்கல்களையும் சேர்த்து ஒரே ஆளாக நிறுத்தி எழுதியிருக்கிறோம். அதனால் ஊர், பள்ளி, பங்குக் கோயில் எதற்கும் பெயர் இல்லை. சட்டமும் அலுவலக நடைமுறையும் அளவுகளும் உள்ளபடியே இருக்கின்றன. எங்கள் கேள்வி ஒன்றுதான்: கேரள அரசுக் கணக்கில் 56 வயதில் ஓய்வு பெற்று அவர் வீட்டோடு இருந்த பிறகு, அவர் செய்துவந்ததில் எது தொடர்ந்தது, எது நின்றது, ஏன்?

அவருடைய நாள் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. விடியலில் பூசை, பத்து மணிக்குப் பள்ளி, நாலு மணிக்கு விடுதல், இரவு ஏழரைக்கு வீட்டில் ஜெபமாலை. ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் மறைக்கல்வி. புதன் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை பங்கு மண்டபத் திண்ணையில், ஊர்க்காரர்களின் பேப்பர் சிக்கலைப் பார்க்க ஒரு மேசை. ஊரில் பலர் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த மேசையால்தான்.

ஆறாம் நாள் கணக்கு

எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளியின் உயிர் ஜூன் மாதத்தில் இருக்கிறது. பள்ளி திறந்து ஆறாம் வேலை நாளில் எடுக்கும் தலையெண்ணிக்கைதான் அந்த ஆண்டின் ஆசிரியர் பணியிடங்களைத் தீர்மானிக்கும். கேரளப் பள்ளிகளின் மாணவர் பதிவு மென்பொருளான சம்பூர்ணாவில் ஆதார் எண்ணோடு ஏறிய குழந்தையே அவர் காலத்தில் கணக்கு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மட்டும் போதாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. தலைகள் குறைந்தால் டிவிஷன் (வகுப்புப் பிரிவு) விழும், டிவிஷன் விழுந்தால் பணியிடம் போகும், தமிழ் வழிப் பணியிடம் போய்விட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை.

பலர் மே கடைசியில்தான் வீடு வீடாக ஏறுவார்கள். அதற்குள் ஆங்கில வழிப் பள்ளியின் வேன்காரர் வந்து பேசி, முன்பணமும் வாங்கிப் போயிருப்பார். டீச்சர் ஜனவரியிலேயே அங்கன்வாடி ஒர்க்கரிடம், அந்த வருஷம் முடிக்கும் குழந்தைகளின் பட்டியலை வாங்கிவிடுவார். பிப்ரவரி, மார்ச்சில் வாரம் இரண்டு மூன்று வீடு. பள்ளியைப் புகழ்ந்து பேசுவதில்லை. ‘பர்த் சர்டிபிகேட்ல பேர் ஏறியிருக்குங்களா? ஆதார் எடுத்தாச்சுங்களா?’ இந்த இரண்டையும்தான் கேட்பார். பேப்பரைச் சரி செய்து தருகிற பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாம் என்ற எண்ணம் பெற்றோருக்குத் தானாக வந்தது.

ஆறாம் நாளில் தவறுவது வழக்கமாக மூன்று இடத்தில். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் மழை பிடித்தபிறகே திரும்புவார்கள். அவர்களுக்கு மே மாதமே போன் போக வேண்டும். வேறு பள்ளியிலிருந்து வரும் குழந்தைக்குப் பழைய பள்ளி சம்பூர்ணாவில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுக்காதவரை பெயர் இங்கே ஏறாது, டி.சி. விண்ணப்பம் பள்ளி திறந்த முதல் நாளே போக வேண்டும், ஐந்தாம் நாள் போனால் பயனில்லை. மூன்றாவது, ஆதாரில் ஓர் எழுத்து பிசகியிருப்பது. அது தனிக்கதை, கீழே வருகிறது.

மதிய உணவுப் பதிவேட்டை அவர் பயன்படுத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5 கிராம் என்பது அளவு. 64 குழந்தைகள் என்றால் 6.4 கிலோ அரிசி, 1.28 கிலோ பருப்பு. கேரளத்தில் இதோடு வாரம் இரண்டு முறை 150 மில்லி பாலும் வாரம் ஒரு முறை ஒரு முட்டையும் உண்டு. மற்ற நாள் வராத பிள்ளை முட்டை நாளில் வந்துவிடும். முட்டை நாளிலும் வராத பிள்ளையின் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்: அப்பா அடித்திருப்பார், அம்மா ஊருக்குப் போயிருப்பார், அல்லது பிள்ளையைத் தம்பிக்குக் காவல் வைத்திருப்பார்கள். அன்று மாலையே அந்த வீட்டுக்கு ஆள் போகும். வருகைப் பதிவேடு பார்த்து வாரக் கடைசியில் கண்டுபிடிப்பதை இது மூன்று நாள் முன்பே காட்டியது.

மலையாளத்தைப் பற்றி ஒரு சொல். 2017-இல் பத்தாம் வகுப்புவரை எல்லாப் பள்ளியிலும் மலையாளம் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது எல்லையில் கசப்பு இருந்தது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ பிரிவே சொல்கிறது. அது 1956-இல் சேர்ந்தது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தாமல், தமிழ் வாசிப்பு ஊன்றிய பிறகு மலையாள எழுத்து என்ற வரிசையை அவர் விடாமல் வைத்திருந்தார். மலையாளம் படிக்கத் தெரியாத தாய் வில்லேஜ் ஆபீசில் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்பதைத் தினமும் பார்ப்பவருக்கு வேறு முடிவு வராது.

மூன்று பெயர்கள் உள்ள பிள்ளை

புதன் மேசையில் பாதிக்கு மேல் வந்தது பெயர்க் குழப்பம். அது எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால்தான் தீர்ப்பது புரியும்.

பிள்ளை பிறப்பது தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில். பிறப்புச் சான்றிதழ் அந்த ஊர் உள்ளாட்சியிலிருந்து வரும், பெயர் இடம் காலியாக. மாதம் ஒன்றில் ஞானஸ்நானம். கோயில் பதிவேட்டில் ‘மரிய ஜெயராணி’. வீட்டில் ஜெயா. அங்கன்வாடியில் ‘ஜெயராணி ஆ.’ என்று அப்பாவின் பெயர் இனிஷியலாக. ஆதார் எடுக்கும் பையன் மலையாளத்தில் கேட்டு ஆங்கிலத்தில் தட்டி, இனிஷியலை முன்னால் போட்டோ விரித்தெழுதியோ விடுவான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் அன்று பாட்டி வந்து ஒரு பெயர் சொல்வாள், அது சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும். பத்தாம் வகுப்புவரை யாருக்கும் இது தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்த பிறகு பாஸ்போர்ட்டுக்கோ ஸ்காலர்ஷிப்புக்கோ போகும்போதுதான் மூன்று பெயரும் மூன்று ஆளாக எழுந்து நிற்கும். அப்போது திருத்தம் திருவனந்தபுரத்துப் பரீட்சா பவன் வரை போக வேண்டும்.

டீச்சர் கையாண்ட வரிசை இது. முதலில் பிறப்புச் சான்றிதழ். பெயர் காலியாக இருந்தால், பிறப்பு பதிவான அதே உள்ளாட்சியில் சேர்க்க வேண்டும். கேரளத்து பஞ்சாயத்தில் கேட்டுப் பயனில்லை. பதிவாகி 12 மாதத்துக்குள் கட்டணமில்லை. அதற்குப் பிறகு கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். இரண்டாவது ஆதார், அந்தச் சான்றிதழைக் காட்டி, அதே எழுத்தில். மூன்றாவது பள்ளிச் சேர்க்கை, இரண்டையும் பார்த்து. பாட்டி சொல்வதைக் கேட்டு எழுதுவதில்லை. வங்கிக் கணக்கும் ஸ்காலர்ஷிப்பும் இதற்குப் பிறகு. இந்த வரிசை புரண்டால், ஒன்றைத் திருத்தப் போய் மற்றொன்றும் தப்பாகும். கழுத்துப் பித்தானைத் தவறாகப் போட்ட சட்டை மாதிரி, கீழே வரைக்கும் அவிழ்க்க வேண்டும்.

கோயில் பக்கமும் அவர் ஒன்று செய்தார். ஞானஸ்நானத்துக்கு முந்தைய வகுப்பில் பெற்றோரிடம், ‘சாமிகிட்ட குடுக்கிற பேரும் முனிசிபாலிட்டியில குடுக்கிற பேரும் ஒன்னா இருக்கட்டுங்க’ என்று சொல்லிவிடுவார். புனிதரின் பெயர் வேண்டுமென்றால் இரண்டிலும் இருக்கட்டும். பூசைக்குத் தவறாமல் போகிறவர் சொன்னதால் எடுபட்டது; ஓர் அதிகாரி சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது காலிப் பெயர் இன்னும் பெரிய தொல்லையாகும். இந்த வேலை குறையப்போவதில்லை.

இதைவிடக் கடினமான பேப்பர் சாதிச் சான்றிதழ். பின்னாளில் திருத்தப்பட்ட 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதி. கிறிஸ்தவராக மாறிய குடும்பத்துக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. கேரளத்தில் அவர்களுக்கு வேலையில் 1 சதவீதத் தனி ஒதுக்கீடும், ஓ.இ.சி. (இதர தகுதியுள்ள சமூகங்கள்) என்ற வகையில் கல்விச் சலுகையும் உண்டு. எல்லைக் குடும்பங்களில் அண்ணன் இந்து என்றும் தம்பி கிறிஸ்தவர் என்றும் பதிவாகியிருப்பது உண்டு. ‘இந்துன்னே போட்டுருங்க டீச்சர், பையன் படிப்பு போயிரும்’ என்று கேட்டு வருவார்கள். அவர் போடமாட்டார், வாதாடவும் மாட்டார். கிறிஸ்தவராக எழுதினால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வீட்டில் பேசி முடிவு செய்யச் சொல்வார். விசுவாசமுள்ள ஓர் ஆசிரியைக்கு இந்த இடத்தில் நெஞ்சு உறுத்தாமல் இருக்காது. தன் மதத்தின் பெயரை எழுதியதற்காக ஒரு பிள்ளைக்குச் சலுகை குறைவதை அவர் கையே எழுதுகிறது. ஆனால் பொய்ச் சான்றிதழ் பத்து வருஷம் கழித்து வேலையில் சேர்ந்த பிறகு விசாரணைக்கு வந்தால், போவது பையனின் வேலை. அதை அவர் மறைக்காமல் சொன்னார்.

இருவராகப் போவது

2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாகும்வரை இந்தப் பகுதியின் தமிழ்ப் பங்குகள் பல கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பக்தி சபைகளும் அங்கிருந்தே வந்தன. டீச்சர் சேர்ந்தது ஏழை வீடுகளைச் சந்தித்து உதவும் வின்சென்ட் தே பால் சபையில். 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கியது அது. அதன் ஒழுங்கு எளிது: வீடு சந்திப்புக்கு இருவராகத்தான் போக வேண்டும், பார்த்ததை வெளியே பேசக் கூடாது, மதம் பார்க்காமல் உதவ வேண்டும், கூட்டத்தில் அறிக்கை சொல்ல வேண்டும். கூட்ட முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது.

இருவர் என்ற ஒழுங்கு முதலில் அவருக்குத் தொந்தரவாகவே இருந்திருக்கும். தனியாகப் போனால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்குத் துணை தேடி அரைமணி காத்திருக்க வேண்டும். ஆனால் இந்த வட்டாரத்தில் அது பல ஆபத்தைத் தடுத்தது. குடித்திருக்கும் வீட்டுக்காரர் கத்தினால் சாட்சி இருக்கும். பணம் கொடுத்தது எவ்வளவு என்று பின்னால் தகராறு வராது. மதம் மாற்ற வந்தார்கள் என்ற பேச்சு எழுந்தால், கூட வந்தவர் பதில் சொல்வார். இதற்காகவே அவர் இன்னொரு கோட்டையும் போட்டுக்கொண்டார்: உதவிக்குப் போகும் வீட்டில் ஜெபம் இல்லை, ஜெபத்துக்குக் கூப்பிட்ட வீட்டில் உதவிப் பேச்சு இல்லை. பள்ளிக்குள் இரண்டும் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி மதபோதனையில் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசமைப்பின் 28-ஆம் பிரிவு சொல்வது அவருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதைச் சரிபார்க்கும் மஸ்டரிங் இந்த இருவர் ஏற்பாட்டில்தான் நடந்தது. முதியோர், விதவைப் பென்ஷன் வாங்குகிறவர்கள் அக்‌ஷயாவில் கைரேகை வைக்க வேண்டும், தவறினால் பணம் நிற்கும். வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை விழாது. எலுமிச்சையும் எண்ணெயும் தடவச் சொல்கிற வைத்தியமெல்லாம் உண்டு. ரேகை விழாவிட்டால் சும்மா திரும்பி வராமல், விழவில்லை என்ற விவரத்தோடு பஞ்சாயத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்; அதைச் செய்யாததால்தான் பலருக்குப் பென்ஷன் நின்றது. படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் தனியாக இருந்தது, வீட்டுக்கு மிஷினோடு ஆளை வரச் சொல்ல.

கையெழுத்து

டீச்சர் தோற்றுப்போன இடம் பணம். கேரளத்தில் அரசுச் சம்பளம் வாங்குகிறவரின் சம்பளச் சான்றிதழ் ஊருக்கே ஜாமீன். சிட்டி, அதாவது சீட்டுப் பணம், எடுத்தவர் மீதித் தவணைக்கு ஈடு காட்ட வேண்டும். நிலப் பத்திரம் இல்லாதவர் டீச்சர் வீட்டுக்கு வருவார்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய் சிட்டி, மாதம் 2,500, நாற்பது மாதம். பத்தாம் மாதம் சீட்டு எடுத்தால் மீதி முப்பது தவணை, 75,000 ரூபாய்க்கு ஜாமீன் வேண்டும். எடுத்தவர் பதினாலாம் மாதத்தோடு கட்டுவதை நிறுத்தினால் 65,000 நிற்கும், அதற்கு மேல் வட்டி. நோட்டீஸ் ஜாமீன்தாரருக்கும் வரும். பிறகு சம்பளத்தில் பிடிப்பார்கள். ஓய்வு நெருங்கியிருந்தால் ஓய்வுக்காலப் பணத்தில் கை வைப்பார்கள். டீச்சர் மூன்று பேருக்குப் போட்டிருந்தார். இருவர் கட்டி முடித்தார்கள், ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார். வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் போட்ட கையெழுத்து அது. மகளின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த தொகை அதில் போனது.

இதை ‘நல்ல மனசுக்குக் கிடைத்த அடி’ என்று ஊர் பேசும். எங்கள் கணிப்பு வேறு. சபை வழியாகச் செய்ததெல்லாம் இருவர் அறிய, அளவோடு நடந்தது. ஜாமீன் மட்டும் தனியாக, மறைவாக, அளவு தெரியாமல் நடந்தது. அவருடைய இரக்கம் இரண்டிலும் ஒன்றேதான். பின்னாளில் அவர் மாற்றிக்கொண்ட முறை: யாருக்கும் ஜாமீன் இல்லை, கேட்பவரின் கஷ்டம் உண்மையானால் திரும்பி வராத சிறு தொகை, அதுவும் சபை வழியாக, பெரிய தொகைக்குக் குடும்பஸ்ரீ என்ற கேரள அரசுத் திட்டத்தின் மகளிர் குழுவான அயல்கூட்டத்தின் சேமிப்புக் கடன். அயல்கூட்டத்தில் பத்து முதல் இருபது பெண்கள் ஒருவரையொருவர் அறிந்து கடன் கொடுப்பதால், திருப்பூருக்குப் போவது அவ்வளவு சுலபமில்லை. ‘வீட்டுக்காரரும் கூட இருக்கிறப்ப பேசலாங்க’ என்ற ஒரே வாக்கியத்தில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள்.

இன்னொரு தவறு சிறியது, ஆனால் அடிக்கடி நடப்பது. ஊர்க்காரர்கள் அசல் சான்றிதழ்களை அவரிடமே விட்டுப் போவார்கள், பத்திரமாக இருக்கும் என்று. பீரோ நிறைந்தது. அவர் காய்ச்சலில் படுத்த வாரத்தில் ஒருவருக்குக் கவுன்சலிங், கவர் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நகல் மட்டும் வாங்கினார், அசலைப் பார்த்த உடனே கையில் கொடுத்தார்.

வீடு

கணவர் தென்னை வைத்தவர், அமைதியான ஆள். மாமியாருக்குச் சர்க்கரை, காலைப் பூசைக்கு முன்பு ஊசி போடுவதும் கால் புண்ணைப் பார்ப்பதும் டீச்சரின் வேலை. குடும்பத்தைக் கைவிட்டு ஊரைப் பார்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாரம் எங்கே விழுந்தது என்று பார்த்தால், புதன் மாலைச் சமையலும் ஞாயிறு மதியமும் மகளுக்கு வந்தன, மகனுக்கு வரவில்லை. இது அவர் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. சேவை செய்யும் தாயின் இடத்தை மகளே நிரப்புவாள் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், கேட்காமலேயே. மாமியார் படுத்த படுக்கையான ஆண்டில் அவர் மறைக்கல்வியை ஓராண்டு விட்டார். பங்கில் முணுமுணுப்பு இருந்தது. விட்டது சரி என்றே நினைக்கிறோம். இன்னும் முன்பே விட்டிருக்கலாம்.

எது நிலைத்தது

ஓய்வுக்குப் பிறகு வீடு சந்திப்பு நிற்கவில்லை. எப்போதும் இருவராகப் போனதால் வழி தெரிந்த இன்னொருவர் இருந்தார். மஸ்டரிங் பட்டியல் நோட்டில் இருந்ததால் அதுவும் நடந்தது. ஞானஸ்நான வகுப்பில் பெயர் பற்றிச் சொல்வது பங்கின் வழக்கமாகிவிட்டது, இப்போது உபதேசியார் சொல்கிறார்.

முட்டை நாள் கவனிப்பு அடுத்த மாதமே நின்றது. யாருக்கும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சாதிச் சான்றிதழ் ஆலோசனையும் நின்றது, அது அவர் தலையில் மட்டும் இருந்தது. இப்போது அந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. ஜனவரிப் பட்டியல் ஓராண்டு தவறியது, அடுத்த ஜூனில் தலைகள் குறைந்தன.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும் ஆசிரியைகளிடம் நாங்கள் கேட்பது மூன்று. ஜனவரிப் பட்டியலுக்கு இளைய ஆசிரியை ஒருவரை இப்போதே கூட அழைத்துப் போங்கள். அவர் தமிழ் வழி நியமனமாக இருந்தால் நல்லது, மலையாளம் மட்டும் தெரிந்தவர் என்றால் இரண்டு வருஷமும் வேண்டும். தலையில் இருக்கும் பதில்களை ஒரு நோட்டில் கேள்வி, எந்த அலுவலகம், எந்தப் பேப்பர், எவ்வளவு நாள் என்ற நாலு பத்தியில் எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம். பீரோவில் இருக்கும் அசல்களை உரியவரிடம் கொடுத்து கையெழுத்து வாங்குங்கள், ஜாமீன் ஏதாவது நிலுவையில் இருந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.